ஒட்டுப்பாலுக்கு ரெண்டு வாச்சர்

அந்த லெப்டொப்ப மூடுடா ராசா. கதிர்காமத்துக் கொடியேத்தம்னு லீவு போட்டு வந்தவன், வந்த நேரத்திலேருந்து எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி அதையே மொறச்சுக்கிட்டு இருக்க. என்னா அது, ஓடிட் ரிப்போட்டா? 43 குறையா? அட, நான் மாப்பிள்ளையா வந்தப்ப உங்க பாட்டி வீட்டாளுங்க என்கிட்ட கண்டுபிடிச்சது அத விடக் கூட. ஒண்ணையும் திருத்தல. அம்பது வருசம் ஓடிருச்சு.

சரி, வாசி. எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. பெரட்டுக்களம், ஆள் பேரும் சம்பளமும் பதியிற செக்ரோல், பால்வெட்டு, அவ்வளவுதான் நம்ம படிப்பு. ஆனா ஓடிட்டர் தெரியும். கணக்கப்பிள்ளையா இருந்தவனுக்கு ஓடிட்டரத் தெரியாம எப்பிடி?

நம்ம றப்பர் மலையில ஒட்டுப்பால்னு ஒண்ணு இருக்கு, மறந்திருப்ப. சிரட்டைப் பால ஊத்தின பொறகு அடியில காஞ்சு ஒட்டிக் கிடக்கிறது, வெட்டுப் பட்டையில இழுபட்டுக் கிடக்கிறது. அத ராவுல எவனோ உரிச்சுக்கிட்டுப் போறான்னு கொழும்பிலேருந்து வந்த ஓடிட்டர் செவப்பு மையில எழுதிட்டாரு. தொரைக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்திருச்சு. ரெண்டு வாச்சர், ரெண்டு டோர்ச், மழைக்கோட்டு, ராத் தேத்தண்ணிக்குச் சீனி. மாசம் முடிய நான் கூட்டிப் பாத்தேன். களவு போன ஒட்டுப்பால விட வாச்சர் சம்பளம் மூணு மடங்கு. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். "ஐயா, அந்தக் கள்ளனையே மாசச் சம்பளத்துக்கு வச்சா மலிவா முடியும்"னு சொன்னேன். தொரை சிரிக்கல. பொறகுதான் தெரிஞ்சுது, ரெண்டு வாச்சர்ல ஒருத்தன் அவனேதான்.

அதே ரிப்போட்டோட கடைசிப் பக்கத்தில, பச்சை மையில, 'செக்ரோல் அலுமாரியில் கரையான்'னு ஒரு வரி. அத யாரும் பாக்கல. நானும் பாக்கல. அந்தக் கதைக்குப் பொறகு வாரேன்.

மொதல் குறை என்னா? செவப்பா? ஒபிஸ்ல மத்தியானம் யாருக்கு மீன், யாருக்கு முட்டைன்னு குறிக்கிற பெட்டி பழசாப் போச்சு, புதுசுக்குப் பதினெட்டு லெச்சம். ஏன்டா, பதினெட்டு லெச்சத்துக்கு நான் மீனே புடிச்சுத் தாரேன். எண்பது ரூவா கொப்பி ஒண்ணு வாங்கி எழுதச் சொல்லிட்டு அந்தப் பெட்டியக் கழட்டி வெளிய வை. குறைய அடைக்கிறதுக்கு வேலி ஒண்ணுதான் வழின்னு யாரு சொன்னா? சேனை வெட்டுறவனக் கேளு. வேலியும் போடுவான், பரண் கட்டிக் காவலும் இருப்பான், பன்னி வார பக்கம் சோளம் விதைக்காமலும் விடுவான், சில மூலைய 'அது பன்னிக்கு'ன்னு மனசார எழுதியும் வச்சிருவான்.

இரு, சிரிக்காத. கழட்டுறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். அந்தச் சோத்துப் பெட்டிக்கும் உள்ள இருக்கிற சம்பளப் பெட்டிக்கும் நடுவுல கதவு இருக்கா? தெரியாதா? அப்ப அது மீன் பெட்டி இல்ல. வங்காளதேசத்து மத்திய வங்கிக் கதை நீதானே வாசிச்சுக் காட்டின. 2016 பெப்ரவரி. ஃபயர்வோல் கெடையாது, பழைய சாமான் கடைப் பத்து டொலர் பெட்டிய வச்சு உலகத்து வங்கிங்களோட தொடுப்பு வச்சிருந்தாங்கன்னு விசாரிச்சவங்க சொன்னாங்க. கள்ளனுங்க குறி வச்சது 95 கோடி டொலருக்கு. மணிலாப் பக்கம் 8 கோடி 10 லெச்சம் போயிருச்சு. இன்னொரு 2 கோடி நம்ம நாட்டுக்கே வரப் பாத்துச்சு, ஒரு தொண்டு நிறுவனத்துப் பேருக்கு. 'ஃபவுண்டேஷன்'னு எழுத வேண்டிய எடத்தில 'ஃபண்டேஷன்'னு எழுதிட்டான் பாவி. நடுவுல இருந்த ஜேர்மன் வங்கிக்காரன் இது என்னாடா எழுத்துன்னு கேக்கப் போயித்தான் அகப்பட்டுச்சு. அந்தப் பெட்டிக்கு வெல போட்டவன் பெட்டிக்குத்தான் வெல போட்டான், பெட்டிக்குப் பின்னால இருந்த கஜானாவுக்குப் போடல.

ஆமா, வாத்தியார் கணக்கும் இருக்குன்னு சொன்னியே. அமெரிக்காவுல மேரிலாண்ட் யுனிவர்சிட்டியில கோர்டன், லோப்னு ரெண்டு பேரு 2002ல போட்டதாம். சாமான் போனா எவ்வளவு நட்டம், போறதுக்கு வாய்ப்பு எவ்வளவு, ரெண்டையும் பெருக்கு. வார தொகையில 37 வீதத்துக்கு மேல காவலுக்குக் கொட்டினா கட்டாது, அநேகமா அதுக்கும் கொறைவாத்தான் கொட்டணும். நல்ல கணக்குத்தான். தொரைக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா அந்தக் கள்ளன் வேற தோட்டம் தேடிப் போயிருப்பான். ஆனா ராசா, அந்தக் கணக்குல பெருக்கல் சுலபம். மொத எலக்கத்த யாரு சொல்றான்கிறதுதான் வில்லங்கம்.

வேலிய வச்சே சொல்றேன். நம்ம சியம்பலாண்டுவப் பக்கம், வெல்லவாயப் பக்கம் யானைக்கு மின்வேலி பாத்திருப்ப. இந்த நாட்டுல நெறைய வேலிய எங்க போட்டாங்க தெரியுமா? வனசீவராசிகள் திணைக்களத்துக் காட்டுக்கும் வனத் திணைக்களத்துக் காட்டுக்கும் நடுவுல. இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. யானைக்கு எந்தத் திணைக்களம்னு தெரியுமா? பிருதிவிராஜ் பெர்னாண்டோன்னு யானை படிச்ச மனுசன், 2020ல அரசாங்கம் வச்ச குழுவுக்குத் தலைவரா இருந்து எழுதிக் குடுத்தாரு: வேலிய ஊரச் சுத்திப் போடு, வயலச் சுத்திப் போடு, அறுப்பு முடிஞ்சா வயல் வேலியக் கழட்டிரு. பாத்தியா, கழட்டிரு! வெறும் தாளுக்கு எதுக்குக் கரண்டு? உங்க ரிப்போட்டுல எத்தன வேலி இப்பிடிக் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல நிக்குதுன்னு எண்ணிப் பாரு.

இப்ப மத்தப் பக்கம் வாரேன். செலவு கூடன்னு தள்ளி வச்சவங்க கதை. 2023 ஓகஸ்ட் 26. அரசாங்க ஒபிஸ் மின்னஞ்சலெல்லாம் ஒரே எடத்தில வச்சிருந்தாங்க, கப்பக் கள்ளன் பூந்து பூட்டுப் போட்டுட்டான். கிட்டத்தட்ட 5,000 முகவரி, அமைச்சரவை ஒபிசும் சேத்து. மே 17லேருந்து அன்னைக்கு வரைக்கும் வந்த கடிதத்துக்கு வேற பிரதியே இல்ல. 100 நாளுக்கு மேல வந்த கடிதம்! பெட்டி திரும்ப எழும்பிருச்சு, கடிதம் எழும்பல.

அது என்னா பெட்டி? மைக்ரோசொஃப்ட்காரனோட 2013 பதிப்பு. 2023 ஏப்ரல்ல அவனே கைகழுவிட்டான். ஓகஸ்ட்ல கள்ளன் வந்தான். மாத்தணும்னு 2021லேயே யோசிச்சாங்களாம். சல்லி இல்ல, பழைய பணிப்பாளர் சபை எடுத்த தீர்மானம் வேற, தள்ளிப் போச்சுன்னு அந்த மின்னஞ்சலப் பாத்துக்கிட்ட அரசாங்க முகவர் நிறுவனத்து ஆளுங்களே ஒத்துக்கிட்டாங்க. நான் அவங்கள முழுசாத் திட்ட மாட்டேன். 2022ல பெற்றோல் வரிசையில நாம நின்னது மறந்துருச்சா? கடன் கட்ட மாட்டோம்னு நாடே கை விரிச்ச வருசம். டொலர் இல்லாதவன் புதுப் பெட்டி வாங்கலன்னா அதுல ஒரு ஞாயம் இருக்கு. ஆனா பிரதி எடுத்துக் கம்பியக் கழட்டி வேற அலுமாரியில வைக்க எத்தன டொலர் வேணும்? அதுதான் எனக்கு வெளங்கல. பெட்டி மாத்துற செலவு பெரிசுன்னதும் சின்னச் செலவையும் அதோட சேத்துக் கட்டித் தூக்கிப் போட்டுட்டாங்க. யானைய வித்துட்டு அங்குசத்துக்கு மல்லுக்கட்டினவன் கதைக்கு இது அண்ணன்.

கடிதத்துக்கு வெல என்னான்னு எவனும் கேட்டிருக்க மாட்டான். கேட்டிருந்தாலும் பெட்டி வெலயத்தான் சொல்லியிருப்பான். காணாமப் போன கடிதத்துக்குச் சொந்தக்காரன் எங்கயோ பிபிலையில, பசறையில ஒரு கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பான். அவன் ஒபிஸ் கணக்குப் புத்தகத்தில வரமாட்டான்.

கரையான் கதைக்கு வந்துட்டோம். உங்க பாட்டி முப்பது வருசம் பால் வெட்டினவ. சேமலாப நிதிக்கு அவ சம்பளத்தில 8 வீதம், தோட்டம் போட்டது 12. வயசு வந்ததும் எடுக்கப் போனா, அடையாள அட்டையில முத்தம்மா, செக்ரோல்ல ஒரு வருசம் முத்தாயி, மறு வருசம் முத்தமா. நடுவுல நாலு வருசத்தக் கரையான் தின்னிருச்சு. நாலு வருசம் அலைஞ்சா. பஸ்ஸுக்குக் குடுத்த சல்லிக்கு நல்ல அலுமாரி பத்து வாங்கியிருக்கலாம். அங்க ஒரு எழுத்து மாறி 2 கோடி டொலர் தப்பிச்சுது, இங்க ஒரு எழுத்து மாறி உங்க பாட்டிக்கு முழங்கால் போச்சு.

செக்ரோல் எழுதினது யாருன்னு கேக்குறியா? மெதுவாப் பேசுடா, குசினி பக்கத்திலதான் இருக்கு.

சரி, உங்க கொம்பனி யாரு சம்பளக் கணக்கு வச்சிருக்குன்னு சொன்ன? தோட்டங்களோடதும் காமெண்ட் புள்ளைங்களோடதுமா? அந்த இருபத்தி ஒம்பதாவத இன்னொருக்கா வாசி. 'சம்பளப் பதிவின் பிரதியை மீட்டுப் பார்த்துப் பரிசோதித்ததில்லை.' என்னா நெறம்? மஞ்சளா? செலவு எவ்வளவு? ஒரு சனிக்கிழமையும் ரெண்டு பேரும். ஹ்ம். மீனுக்குச் செவப்பு, முத்தம்மாவுக்கு மஞ்சள். திங்கக்கிழமை உங்க பெரியவருகிட்ட இந்த நாலு வார்த்தைய மட்டும் சொல்லு, நிறம் தானா மாறும்.

என்னாடா சிரிப்பு? என் பாஸ்புக்கும் பாட்டியோட பேப்பரும் எங்க இருக்கா? கட்டிலுக்கு அடியில, பிஸ்கட் டின்ல. பூட்டா? டின்னுக்கு எதுக்குப் பூட்டு. அந்தக் கொட்டகையில தொங்குற பித்தளைப் பூட்டு ரெண்டாயிரம் ரூவா, அது சைக்கிளுக்கு. ஓடாதுதான். ரெண்டு சில்லும் இல்லதான்.

ஏ புள்ள முத்தம்மா, இவனுக்குத் தேத்தண்ணி ஊத்து. ரொம்பப் பேசுறான்.