மூலவர் கட்சி

கோயிலில் மூலவர் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. உற்சவர் நாலு வீதியும் சுற்றி வருவார். இரண்டும் ஒரே சாமிதான் என்று கும்பிடுகிற நமக்குத் தெரியும். கணினி விளையாட்டில் ஊறிய மாமாக்களிடம் மட்டும் அந்தச் சமரசம் எடுபடாது; அவர்களுக்கு முதல் பாகம்தான் மூலவர்.

இந்த மாமாக்களுக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். முட்டிவலி வந்தும் மவுஸை விட்டிருக்க மாட்டார்கள். "மாமா, டயாப்ளோ ஒண்ணு ஆடவா, ரெண்டு ஆடவா?" என்று அக்கா பையன் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு ஆறிவிடும்.

"மொதல் பாகத்துல ஓடவே முடியாது, தெரியுமா?"

குறை சொல்வதாகப் பையன் நினைப்பான். இல்லை, அது பெருமை. ட்ரிஸ்ட்ராம் என்று ஒரே ஊர், ஒரே தேவாலயம், அதற்கடியில் 16 தளம். கொல்லன் கிரிஸ்வால்டிடம் கத்தியைச் செப்பனிட்டுக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூனியக்காரி அட்ரியா குடிசைக்கு அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். கூடவே இசையமைப்பாளர் மேட் யூல்மெனின் கிட்டார். "ஓடுறவன் காதுல அந்த கிட்டார் விழுமாடா?"

2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஓடலாம். மூன்று வீரர்கள் ஐந்தானார்கள், ஒரு ஊர் நான்கு அங்கங்களாக விரிந்தது, சாமான் வைக்கப் பெட்டியும் வந்தது. பெட்டி என்றதும் மாமாவுக்குச் சுருக்கென்று வரும். "நாங்க பொன்னை நடுத்தெருவுலயே குவிச்சு வச்சோம். ஒருத்தன் தொட்டதில்லை!" தனியாக ஆடினால் அந்த ஊரில் திருட வேறு ஆளே கிடையாது என்று பையன் வாயெடுப்பான். மாமா அதற்குள் பெரியவர் கெயினுக்குப் போயிருப்பார்.

முதல் பாகத்தில், கிடைத்த பொருளின் குணம் இன்னதென்று சொல்லக் கெயினுக்கு 100 பொன் தர வேண்டும். இரண்டாம் பாகத்தில் அவரைக் காப்பாற்றிவிட்டால் இனாமாகவே சொல்லிவிடுவார். "இனாமாச் சொல்ற வாக்குக்கு மதிப்பேது?"

விர்ட் பேச்சு வந்தால்தான் மாமா குரல் இளகும். மரக்கால் வைத்த பொடியன், ஊர் ஓரத்தில் நிற்பான். கைவசம் இருக்கிற சரக்கைக் காட்டவே 50 பொன் கேட்பான். பிடிக்கவில்லையென்றாலும் காசு திரும்பாது. "எத்தனை அம்பது குடுத்திருப்பேன்! வியாபாரம்னா என்னன்னு அவன்கிட்டதான்டா கத்துக்கிட்டேன்."

"ரெண்டாம் பாகம் நீங்க ஆடியிருக்கீங்களா மாமா?"

ஆடியிருக்கிறார், முக்கால் மணி நேரம். ஓட ஓடக் குறைகிற மூச்சுப் பட்டையைத் திரையில் பார்த்ததும், மூச்சு வாங்குவதற்கெல்லாம் கணக்கு வைக்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று அணைத்தவர்தான். ஆடாமலே அதை அலசுவது மூலவர் கட்சியில் அனுமதிக்கப்பட்டதுதான்.

பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்குப் போனதும் இரண்டாம் பாகத்தின் 2021 புதுப்பதிப்பை இறக்கிக்கொண்டான். மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது.

"மாமா, உங்க ஊரு எரிஞ்சு கிடக்கு."

"எந்த ஊருடா?"

"ட்ரிஸ்ட்ராம்தான். கெயினைக் கூண்டுல அடைச்சுத் தொங்க விட்டிருந்தாங்க. காப்பாத்திட்டேன்."

மாமா எழுந்து உட்கார்ந்தார். "கிரிஸ்வால்ட்?"

"பேயாயிட்டான் மாமா. என்னை வெட்ட வந்தான். முடிச்சுட்டேன். நல்ல சாமானா விழுந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"அந்த மரக்கால் பையன்?"

"செத்துக் கிடந்தான். தொட்டேன், மரக்காலும் பொற்காசுமா கொட்டுச்சு. அந்தக் கால் பின்னாடி வேற எதுக்கோ உதவுமாம். காசு மட்டும் நெறைய மாமா!"

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கோ. ஆனா அதுல ஒரு அம்பது என்னோடதுடா."