ஆட்டிசத்துக்கு வயது வரம்பு விதித்த துறைக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்:
மாற்றுத்திறனாளிகளுக்கு அதிகாரமளித்தல் துறை,
சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம்,
புது தில்லி.



ஆட்டிசம் பிறவியிலேயே வருவது, வாழ்நாள் முழுக்க இருப்பது, அதற்கு மருந்தில்லை என்று உலகத்து வல்லுநர்கள் கையை விரித்துக்கொண்டிருக்க, நீங்கள் சத்தமில்லாமல் அதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டீர்கள். இதைப் பாராட்டாமல் இருப்பது நன்றிகெட்டதனம். மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் என்று விவரித்த பதினொரு குழந்தைகளில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023இல் தம் 89ஆம் வயதில் காலமானார். கடைசி நாள்வரை ஆட்டிசம் அவரோடு இருந்தது. பாவம், இந்தியாவில் பிறக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இங்கே பிறந்திருந்தால் 22 வயதோடு அந்தத் தொல்லை தீர்ந்திருக்கும்.

இந்தச் சாதனைக்கு நீங்கள் பயன்படுத்தும் கருவி இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். செகந்திராபாத்தில் உள்ள உங்கள் தேசிய நிறுவனம் உருவாக்கிய இது 2009இல் வெளியானது. 3 முதல் 22 வயது வரை உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டது. செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. அந்த வறட்சியில், பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க அலைந்த பெற்றோருக்கு அது பெரிய கைப்பிடி. பிறகு 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தையும் சேர்த்தது. அது பெரும்பாலும் முதல் மூன்று வயதுக்குள் தென்படும் என்கிறது சட்டம். எந்த வயதில் மறையும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குறையை அளவுகோலைக் கொண்டே நிரப்பிவிட்டீர்கள்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். அதில்தான் உங்கள் மேதைமை முழுசாகத் தெரிகிறது. அளவுகோலில் 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ‘அரிதாக’ என்றாலே 1 உண்டு என்பதால், இந்த நாட்டில் யார் போய் உட்கார்ந்தாலும் 40 நிச்சயம். 70 எடுத்தால் ஆட்டிசம், கூடவே 40 விழுக்காடு ஊனம் என்ற தகுதி. அதற்குக் கீழே ஆட்டிசம் இல்லை. இப்போது ஒரு நாற்பது வயதுக் கணக்காளரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பார்த்துப் பேச வராது, நட்பு நிலைக்காது, உரையாடலைத் தொடங்கவோ தொடரவோ தெரியாது, குறிப்பால் சொன்னால் புரியாது, அன்றாட ஒழுங்கு இம்மி மாறினாலும் தாங்காது, மிக்ஸி சத்தமும் குழல்விளக்கும் உடம்பை வதைக்கும், சூழலின் குறிப்புகள் எட்டாது. இந்த ஏழிலும் அவருக்கு முழு ஐந்து மதிப்பெண் போடுங்கள். 35 ஆயிற்று. மீதி 33 கூற்றுகளுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 68. இரண்டு மதிப்பெண்ணில் மனிதர் தப்பித்தார்! அந்த இரண்டையும் எப்படிச் சம்பாதிப்பது என்பதற்கும் உங்கள் தாளிலேயே வழி இருக்கிறது. கைக்குழந்தைபோல் கீச்சிடுவது, அடம்பிடிப்பது, ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் ஓடுவது எல்லாம் தனித்தனிக் கூற்றுகள். மருத்துவ வாரியத்தின் முன்னால் தரையில் புரண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டால் கணக்காளர் தேறிவிடுவார். ஆனால் அப்படி அழக் கூடாது என்று முப்பத்தைந்து வருடமாகப் பழகி வைத்திருக்கிறார். அதுதான் அவர் செய்த தவறு.

இந்தப் பழக்கத்தைப் பற்றி அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடே பேசுகிறது: அறிகுறிகள் சிறு வயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் வளர்ந்தபின் கற்றுக்கொண்ட உத்திகள் அவற்றை மறைத்திருக்கலாம். நம் ஊரில் மறைப்பது இன்னும் சுலபம், பெண்களுக்கு ரொம்பவே சுலபம். யாரோடும் பேசாத சிறுமிக்குப் பள்ளியில் ‘அமைதியானவள்’ என்று நற்சான்று. கல்யாணச் சந்தையில் அதுவே ‘அடக்கமான பெண்’ என்று கூடுதல் மதிப்பு. யாரிடம் எப்போது என்ன பேச வேண்டும் என்று உறவுமுறையும் சடங்கும் வசனம் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. வசனம் இல்லாத இடம் வரும்போதுதான், ஒரு பதவி உயர்வு, ஒரு கைக்குழந்தை, ஒரு கூட்டுக்குடித்தனம், எல்லாம் சரிந்து விழுகிறது. அப்போது மதிப்பீட்டுக்குப் போனால், “மூன்று வயதில் எப்படி இருந்தார் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள்” என்கிறார்கள். அறுபது வயதுக்காரர் அம்மாவுக்கு எங்கே போவார்?

உங்கள் தரப்பு நியாயங்களையும் கேட்டுவிடுவோம். குழந்தைகளுக்கே ஆளில்லை, பெரியவர்கள் பொறுக்கட்டும் என்பீர்கள். ஆளில்லை என்பது உண்மை. ஆனால் பெரியவர்களில் பலர் ஏற்கெனவே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வரிசையில்தான் நிற்கிறார்கள், மனச்சோர்வு என்றும் பதற்றம் என்றும் எழுதிய சீட்டோடு. புதிதாக வரிசை வேண்டாம். அந்த மருத்துவர்களுக்குச் சரியான கேள்விகளைக் கற்றுக்கொடுத்தால் போதும். சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கென்றே தனிப் பகுதி கொண்ட மதிப்பீட்டு முறைகள் உலகில் இருக்கின்றன. இங்கிலாந்து 2009இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களை முன்னிட்டே ஒரு சட்டம் இயற்றியது. அங்கே ஒன்றும் பாலும் தேனும் ஓடவில்லை, காத்திருப்பு வருடக்கணக்கில் நீள்கிறது. இருந்தாலும் காத்திருக்க ஒரு வாசலாவது இருக்கிறது.

இத்தனை வயதுக்குமேல் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியும் உண்டு, அக்கறையாகக் கேட்பதுபோல் கேட்கப்படுவது. இங்கிலாந்தில் வயது வந்தபின் ஆஸ்பெர்கர் என்ற ஆட்டிச வகை உள்ளதாகக் கண்டறியப்பட்ட 374 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், 66 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் தங்களுக்கு வந்ததுண்டு என்றார்கள். 35 விழுக்காட்டினர் திட்டமிட்டோ முயன்றோ இருந்தார்கள். பெயர் தெரியாமல் கழிந்த வருடங்களின் பாரத்தை அந்த எண்ணிக்கையிலிருந்து பிரித்துவிட முடியாது. போலிச் சான்றிதழ் பெருகும் என்ற அச்சமோ சுவையானது. அரசு வேலையில் ஆட்டிசத்துக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களோடு பங்குபோட வேண்டியது ஒரே ஒரு விழுக்காடு. நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதும் கடந்துவிட்டது. இதற்காக ஒருவர் நாற்பது வருடம் நடித்திருப்பார் என்று நினைத்தால், அந்தப் பொறுமைக்காகவே அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

வயதுவந்த ஆட்டிசக்காரர் உங்களுக்கு முற்றிலும் தெரியாதவர் என்றும் சொல்ல மாட்டேன். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அவருக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. ஆக, தம் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவர் தேவைப்படும்வரை அவர் உங்கள் கண்ணில் இருக்கிறார். தம் கையெழுத்தைத் தாமே போட்டு ஒரு விண்ணப்பம் நீட்டினால் காணாமல் போய்விடுகிறார். பேச வராதவருக்கு உதவி இருக்கட்டும், அது குறையவே கூடாது. அதற்காகப் பேசத் தெரிந்தவரெல்லாம் குணமானவர் என்றாகிவிடுமா?

ஆகவே, 22 வயதைக் கடந்தோருக்கென்று ஒரு மதிப்பீட்டு முறையை வகுக்க வேண்டுகிறேன். அதை மாவட்ட மருத்துவமனை அளவில், அந்தந்த மொழியில், அம்மா உயிரோடு இல்லாதவருக்கும் பொருந்தும்படி வகுக்க வேண்டும். முடியாதென்றால், அந்த வயதில் ஆட்டிசம் நீங்கும் முறையை வெளியிடுங்கள், ஆய்விதழ்கள் காத்திருக்கும்.

பதில் எழுதும்போது ஒரு சிறு கவனம் தேவை. ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிவிடாதீர்கள். இந்தக் கடிதத்தோடு தொடர்புடையவர்களில் பலர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள். உண்மையிலேயே யாரோ பரிசீலித்துக்கொண்டிருப்பதாக நம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
வயது வரம்பைத் தாண்டிய குடிமக்கள் சார்பில்