ஒரு வயதைத் திருடிய அப்பா

கேள்வி: தன்னால் முடியாததைப் பிள்ளையாவது சாதிக்க வேண்டும் என்று ஒரு அப்பா ஆசைப்படுவது தவறா?

பதில்: ஆசைப்படட்டும். அந்த ஆசைக்குப் பிள்ளை கூலி வேலை செய்யக் கூடாது!

இசைமேதை பீத்தோவனின் அப்பா யோஹான், ஜெர்மனியின் பான் நகர அரசவையில் சாதாரணப் பாடகர். சிறுவன் மொஸார்ட் இசையால் ஐரோப்பாவை மயக்கிய கதை அவரை விடவில்லை. மகனை மிரட்டி மிரட்டி வாசிக்க வைத்தார். 1778-ல் கொலோன் நகரில் மேடையேற்றியபோது மகனுக்கு 7 வயது. விளம்பரத்தில் 6 என்று போட்டார். குழந்தையின் ஆயுளில் ஒரு வருடத்தையே திருடிவிட்டார்! வளர்ந்த பிறகும் பீத்தோவனுக்குத் தன் வயதில் குழப்பம் தீரவில்லை. அப்பா குடியில் மூழ்க, 1789-ல், 18 வயதில் மகன், அப்பாவின் சம்பளத்தில் பாதியைத் தன்னிடம் தரும்படி விண்ணப்பித்துத் தம்பிகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மகனைத் தோளில் தூக்க வேண்டியவர், மகன் தோளில் ஏறிக்கொண்டார்.

எனக்கு அதைவிட வலிப்பது இன்னொன்று. தம்பி மகன் கார்ல் தன் பொறுப்பில் வந்தபோது, பீத்தோவனும் அவனைத் தன் இஷ்டப்படி வார்க்கப் பார்த்தார். 1826-ல் அந்த இளைஞன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். நல்லவேளை, பிழைத்தான். பிறகு, தான் விரும்பியபடியே ராணுவத்தில் சேர்ந்தான்.