ஐந்து சென்டிமீட்டர் மனிதனுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்

எண்பதுகளின் பினாங்கில் எங்களுக்குப் பதிப்புரிமை என்றால் என்னவென்று தெரியாது. தொழில் ரகசியம் என்றால் நன்றாகத் தெரியும்.

கொம்தார் கட்டடத்தில் ஒரு பொம்மைக்கடை இருந்தது. கண்ணாடி அலமாரி நிறைய ஜப்பானின் தமியா பெட்டிகள். உள்ளே 1/35 அளவில் பிளாஸ்டிக் சிப்பாய்கள். நிமிர்ந்து நின்றால் ஐந்து சென்டிமீட்டர் இருப்பார்கள். ஒரு பெட்டி வாங்க நாலைந்து பேர் வெள்ளி சேர்ப்போம். பத்து மில்லி பெயிண்ட் புட்டியும் பங்குதான். பெட்டியின் மூடியில் அச்சிட்ட ஓவியமே எங்களுக்கு வேதம். அதில் கால்சட்டை என்ன பச்சையோ அதே பச்சை, கன்னத்தில் எங்கே அழுக்கோ அங்கேயே அழுக்கு. அந்த ஓவியத்தை வரைந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. “டேய், அப்படியே இருக்குடா!” என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. “சொந்தமா யோசிச்சியா?” என்று யாராவது கேட்டால் வேலை படுமோசம் என்று பொருள்.

ஆனால் துரு விஷயம் வேறு. டாங்கியின் சங்கிலிப் பட்டையில் துருப்பிடித்த மாதிரி காட்ட ஒவ்வொருவனிடமும் ஒரு கலவை இருந்தது; அதை உயிர்போனாலும் சொல்லமாட்டான். எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஒரு அண்ணன் கலக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

“அண்ணே, என்ன கலக்குறீங்க?”

“பார்த்தா தெரியலையா? துரு.”

பிறகொரு நாள் பெல்ஜியத்துக்காரர் பிரான்சுவா வெர்லிண்டனின் புத்தகம் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. நீர்க்கப் பூசி இடுக்குகளில் இறக்குவது, காய்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தேய்த்து எடுப்பது, துரு, சேறு, புகை எல்லாம் வண்ணப்படங்களோடு அதில் இருந்தன. அண்ணன் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “பரவாயில்லை, இவனும் கண்டுபிடிச்சிருக்கான்.”

மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987-இல் வந்தது. இன்றைக்கு அதிலுள்ள ஒரு பிரிவு, எண்ணத்துக்கும் செய்முறைக்கும் பாதுகாப்பு கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. உருவாக்கப்பட்ட படைப்புக்குத்தான் பாதுகாப்பு. அதாவது, நாங்கள் கூச்சமின்றி நகலெடுத்த மூடி ஓவியம் இன்னொருவர் சொத்து. நாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக் காத்த துருக் கலவை ஊர்ப் பொது. சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருந்தால்கூட இவ்வளவு துல்லியமாகத் தவறியிருக்க முடியாது.

இப்போது காலம் மாறிவிட்டது. எங்கள் கூட்டம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் குளிர்சாதனத்துக்குக் கீழே கூடுகிறது. சிப்பாய்கள் போய், 28 மில்லிமீட்டர் வீரர்களும் பிசாசுகளும் வந்துவிட்டார்கள். மூலையில் ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் முனகிக்கொண்டிருக்கும். அண்மையில் இளைஞன் ஒருவன் முகம் சிவக்க என்னிடம் வந்தான்.

“அங்கிள், அவன் என் கலர் ஸ்கீமைத் திருடிட்டான். நிழலுக்கு ஊதா, வெளிச்சத்துக்கு மயில்பச்சை. அது என்னோட ஐடியா.”

“சரிப்பா. பொம்மை யாரோடது?”

“பொம்மையா? அது ரீகாஸ்ட் அங்கிள். ஒரிஜினல் யார் வாங்குவா, அந்த விலைக்கு?”

எங்கோ ஒரு சிற்பி மாதக்கணக்கில் செதுக்கியதை அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, கால் விலைக்கு விற்றிருக்கிறார்கள். அதன்மேல் பூசிய ஊதாவுக்குத்தான் இந்தச் சண்டை. சட்டம் இன்னும் தலைகீழாகவே இருக்கிறது; பிடித்திருக்கும் கைகள்தாம் இளையவை.

ஊரைக் கேட்டால் அதுவும் இதே கதைதான் சொல்லும். 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரொன்றில் இரண்டு பிள்ளைகளை வரைந்தார்; நிஜச் சைக்கிள் ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பொருத்தினார். அதன்பின் அந்தப் பிள்ளைகள் போகாத இடமில்லை. காந்தமானார்கள், சாவிக்கொத்தானார்கள், டீ-சட்டையில் ஏறினார்கள். எங்கள் கூட்டத்திலும் அந்தச் சுவரைச் சிற்றளவில் செய்துபார்க்காதவர்கள் குறைவு; காரை உதிர்ந்த செங்கல்லைக் காட்ட அதைவிட நல்ல பாடம் இல்லை. யாரும் ஓவியரிடம் கேட்கவில்லை, “நம்ம ஊர்ச் சுவர்தானே” என்றோம். 2024-இல் அதே பிள்ளைகள் ஏர் ஏசியா விமானம் ஒன்றின் உடலில் தோன்றினார்கள். ஓவியர் நீதிமன்றத்துக்குப் போனார். உடனே எங்கள் மாடியில் எல்லாரும் பதிப்புரிமைக் காவலர்களாகிவிட்டோம். சாவிக்கொத்து அளவில் பாசமாக இருந்தது, விமான அளவில் திருட்டாகத் தெரிந்தது. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக உள்ள கலைப்படைப்பை நகலெடுக்கச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பினாங்கு மழையில் சுண்ணாம்புச் சுவரில் எது நிரந்தரம் என்பதை வழக்கறிஞர்கள்தாம் சொல்லவேண்டும்.

எங்கள் மாடியின் வழக்குகளுக்கு இளைஞர்களே ஒரு தீர்வு கண்டார்கள். கண்காட்சி மேசையில் ஒவ்வொரு பொம்மைக்கு முன்னும் ஓர் அட்டை வைக்கவேண்டும்: செதுக்கியவர் யார், எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது, முறையை யாரிடம் கற்றது. சில அட்டைகள் பொம்மையைவிடப் பெரிதாகிவிட்டன. முதலில் கேலி செய்தவன் நான்தான். பிறகு மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பட்டியல் நீண்டிருந்த இடங்களில்தான் வேலையும் பார்க்கும்படி இருந்தது. எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதத் தெரிந்தவனுக்கு, எந்த இடத்தில் தன் வழியில் விலகினோம் என்பதும் தெரிந்திருக்கிறது.

ஓர் அட்டையில் மட்டும் ஒரே வரி: ‘முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை.’ அதன் பின்னால் ஒரு டிராகன் நின்றது. சிவப்பு நிறம், வாயில் மஞ்சள் நெருப்பு.