பதியாக் கைபேசி: இலக்கணமும் உரையும்

பாயிரம்

துருக்கிக்கு வெளியிலிருந்து வந்த கைபேசி உள்ளூர் சிம்மோடு 120 நாள் பேசும். அதன் பிறகு பேசாது. திருட்டுப் போனதாலோ, தண்ணீரில் விழுந்ததாலோ, பேட்டரி உப்பியதாலோ அல்ல. அரசாங்கத்துக்கு அதை முறைப்படி அறிமுகம் செய்து வைக்காததால். பேசுவதற்கென்றே பிறந்த பொருள் உயிரோடிருந்தும் ஊமையாகும் இந்நிலைக்குத் தமிழில் இலக்கணம் இல்லாதது பெருங்குறை. பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்காமல் ஆய்வு மாணவர் அலையும் காலத்தில் இக்குறையை இனியும் பொறுப்பதற்கில்லை.

நூலுக்கு எல்லை, வடக்கே கருங்கடல், மேற்கே ஏஜியன், தெற்கே மத்தியதரைக் கடல், கிழக்கே ஈரான். கேட்போர், வெளிநாட்டில் மாமாவோ சித்தப்பாவோ உடையோர். நுதலிய பொருள், பதிவுக் கட்டணம் கட்டாமல் கைபேசி வைத்துக்கொள்ளல். பயன், வீடுபேறு அன்று, சிக்னல்.

1. எழுத்தியல்

கைபேசியில் *#06# என்று தட்டினால் 15 இலக்கம் தோன்றும். ஐஎம்இஐ எண் என்பது இதுவே. முதல் எட்டு இலக்கம் கருவியின் குலமும் கோத்திரமும்: எந்த நிறுவனம், எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த ஆறு அதன் தனிப்பெயர். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்குமுறைப்படி அமைந்தது அது. கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் இதே கணக்கில்தான் வருகிறது. எண்ணைத் தப்பாகத் தட்டினால் அந்த இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். வரி கட்டாததைக் காட்டிக்கொடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அதற்கு வேறு ஆள் இருக்கிறார், அடுத்த இயலில் வருவார்.

சிம் மாறினாலும், உறை மாறினாலும், உரிமையாளரே மாறினாலும் இவ்வெண் மாறாது. மனிதனைப் பிடிக்க அரசுகளுக்கு இவ்வளவு வாகான கைப்பிடி இன்னும் அமையவில்லை. இரண்டு சிம் போடும் கருவிக்கு ஐஎம்இஐயும் இரண்டு என்பதை மாணவர் நினைவில் வைத்துக்கொள்க. ஐந்தாம் இயலில் வேண்டியிருக்கும்.

2. பட்டியலியல்

ஜிஎஸ்எம் என்னும் கைபேசி வலை முறையை வகுத்தவர்கள், எந்தக் கருவியை வலையமைப்பில் சேர்க்கலாம் என்பதற்கு ஒரு பதிவேட்டையும் வகுத்தார்கள். அதில் மூன்று பட்டியல். வெள்ளை பேசலாம், கருப்பு பேசக்கூடாது, சாம்பல் பேசலாம், ஆனால் ஒரு கண் அதன் மேல் இருக்கும். களவுபோன கைபேசியைத் திருடனுக்குப் பயன்படாமல் செய்வதற்கு இது நல்ல ஏற்பாடு.

துருக்கியில் இப்பட்டியல்களைக் காப்பது தகவல் தொழில்நுட்ப, தொலைத்தொடர்பு ஆணையம். 'பிடிகே' என்பது அதன் சுருக்கப் பெயர். 2008இன் 5809ஆம் எண் மின்னணுத் தொடர்புச் சட்டம் அதற்குக் கோல் கொடுத்திருக்கிறது. அங்கே ஒரு கருவி வெளியேற்றப்பட, திருடன் தொட்டிருக்க வேண்டியதில்லை; உரிமையாளர் பில்லோடு வாங்கி, பாஸ்போர்ட்டோடு கொண்டுவந்து, பயபக்தியோடு வைத்திருந்தாலே போதும். திருடனுக்கு விரித்த வலையில் அத்தை அனுப்பிய அன்பளிப்பும் சேர்ந்து விழுகிறது என்பது கருத்து.

3. காலவியல்

நூற்பா: பதியாக் கருவி பாதி உயிரே.

இது என் நுதலிற்றோ எனின், 120 நாள் கழிந்த கைபேசியின் நிலை உணர்த்துதல் நுதலிற்று. கெடு தொடங்கியபின் ஒரு நாள் குறுஞ்செய்தி வரும்: இக்கருவி பதிவில் இல்லை, இன்ன தேதிக்குள் பதியாவிட்டால் தொடர்பு துண்டிக்கப்படும் என்று. அச்செய்தியைப் பெற்றவர் முதலில் அதை மோசடி என்று கருதுவார். பிறகு நண்பரிடம் காட்டுவார். நண்பர் தம் கைபேசியைத் திறந்து அதே செய்தியைக் காட்டுவார். பிறகு இருவரும் தேநீர் குடிப்பார்கள்.

கெடு முடிந்ததும் உள்ளூர் சிம்முக்கு அக்கருவியில் வலை கிடைக்காது. மற்றவை எல்லாம் நடக்கும். படம் எடுக்கும், பாட்டுப் பாடும், நேரம் சொல்லும், வைஃபை கிடைத்தால் வாட்ஸப்பில் வம்பும் பேசும். அலைக்கோபுரம் மட்டும் அதை அடையாளம் காண மறுக்கும். ஆகவே 'பாதி உயிர்' என்றார். முழு உயிரென்றால் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். முழுச் சாவென்றால் மனிதன் அதைத் தூக்கிப் போட்டிருப்பான். இரண்டும் இல்லாத இந்த இடைநிலையில்தான் ஒரு சமுதாயத்தின் மூளை முழு வேகத்தில் வேலை செய்கிறது.

4. பொருளியல்

பதிவதற்குக் கட்டும் தொகைக்குப் 'பயன்பாட்டு அனுமதிக் கட்டணம்' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் காசில் நாம் வாங்கியதை நாம் பயன்படுத்த வாங்கும் அனுமதி என்று விரித்துரைத்துக்கொள்க.

2019 ஜூலையில் இது 1,500 லிரா. அந்த ஆண்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் கைக்கு வருவது 2,020 லிரா. மூன்று வாரத்துக்குச் சற்று மேல் உழைத்தால் ஒரு கைபேசிக்கு வாய் திறக்கும். 2023 தொடங்கும்போது கட்டணம் 6,091. அதே ஆண்டு ஜூலையில் ஒரே தாவலில் 20,000. 2024இல் 31,692. 2025இல் 45,614. 2026இல் 54,258. ஏழு ஆண்டில் கட்டணம் 36 மடங்கு ஏறியிருக்கிறது. பணவீக்கம் கடுமையாக இருந்த நாடுதான். ஆனால் அதே காலத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 28,075 லிராவாக, சுமார் 14 மடங்குதான் ஏறியது. 2025இல் இரண்டு மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தாலும் கட்டணம் அடையாது. 2026இல் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தால் சில்லறை மிஞ்சும். இதை முன்னேற்றம் என்பாரும் உளர்.

இக்கட்டணத்தின் தனிச்சிறப்பு சமத்துவம். கருவி என்ன விலை என்று அது கேட்பதில்லை. லட்சம் ரூபாய் ஐபோனுக்கும் பத்தாயிரம் ரூபாய்க் கைபேசிக்கும் ஒரே தொகை. விளைவு என்னவெனின், மலிவான கைபேசியை யாரும் கொண்டுவந்து பதிவதில்லை. பதிவு அதன் விலையைப் போலப் பல மடங்கு. ஏழைக்குப் பயன்படக்கூடிய கருவி விமான நிலையத்தோடு நின்றுவிட, பணக்காரரின் கருவி மட்டும் கட்டணத்தோடு உள்ளே நுழைகிறது. உள்ளூர்க் கடையிலோ, தனி நுகர்வு வரி, மதிப்புக் கூட்டு வரி, அரசு ஒளிபரப்புக்கான பங்கு என்று வரிசையாக ஏறி, உலகில் ஐபோன் மிக அதிக விலைக்கு விற்கும் நாடுகளில் ஒன்றாகத் துருக்கி நிற்கிறது. வெளியே வாங்கிக் கட்டணமும் கட்டினாலும் சில மாடல்களுக்குக் கணக்கு லாபத்தில் முடியும் என்பதால்தான் இத்தனை பேர் இன்னும் இக்கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

5. வகையியல்

கட்டணம் கட்டாதார் ஐவகையர். அவராவார்: கூரைநிழலர், வெளிச்சிம்மர், ஈரெண்ணர், இருமெய்யர், படியெடுப்போர்.

கூரைநிழலர், வைஃபை உள்ள கூரைக்குக் கீழே மட்டும் வாழ்பவர். வீடு, அலுவலகம், காப்பிக் கடை என்று தாவித் தாவி நகரைக் கடப்பார். இடைப்பட்ட தெருக்களில் அவர் யாருக்கும் அகப்படமாட்டார். மனைவி, மேலாளர் இருவரிடமும் சொல்லத்தக்க காரணம் ஒன்று கையிலிருப்பதால் இவ்வகையினர் பொதுவாக மகிழ்ச்சியாகவே காணப்படுவர்.

வெளிச்சிம்மர், ஜெர்மனியிலோ பல்கேரியாவிலோ வாங்கிய சிம்மை ரோமிங்கில் ஓட்டுபவர். கெடு உள்ளூர் சிம்முக்கே ஆதலால் இவரைத் தீண்டாது. ரோமிங் பில் தீண்டும்.

ஈரெண்ணர், எழுத்தியலில் சொன்ன இரண்டாம் ஐஎம்இஐயைக் கொண்டு வாழ்பவர். முதல் எண்ணுக்கு 120 நாள் முடிந்ததும் சிம்மைப் பக்கத்துத் துளைக்கு மாற்றி, இன்னொரு 120 நாளை எண்ணத் தொடங்குவார். இது விடுதலை அன்று, வாய்தா.

இருமெய்யரே இவ்வியலின் தலைமக்கள். இவர் உள்ளூரில் பில்லோடு கிடைக்கும் மிக மலிவான கைபேசி ஒன்றை வாங்கி அதில் சிம்மைப் போட்டு, ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டு, அதன் நிழலில் தம் விலையுயர்ந்த பதியாக் கருவியை நடத்துவார். இஸ்தான்புல்லில் கடிக்கோய்த் துறையிலிருந்து எமினோனு செல்லும் படகில் ஏறி உட்கார்ந்தால் இவரைக் கிட்டத்திலிருந்து ஆராயலாம். மேசையில் தேநீர்க் குவளை. பக்கத்தில் பளபளக்கும் ஐபோன், அதில் ஏதோ வீடியோ ஓடுகிறது. திடீரென்று மணி அடிக்கும். அடிப்பது ஐபோன் அன்று, அவர் நெஞ்சு. சட்டையின் உள்பையிலிருந்து மூலை உடைந்த, பின்மூடியை ரப்பர் பேண்ட் இறுக்கிப் பிடித்திருக்கும் இன்னொரு கைபேசி வெளிவரும். ஹாட்ஸ்பாட் ஓடி ஓடிச் சூடேறியிருப்பதால் காதிலிருந்து ஒரு விரல் தள்ளியே வைத்துக்கொண்டு பேசுவார். பேசும்போது பார்வை மட்டும் ஐபோன் மீதே இருக்கும். பேசி முடித்து அதைப் பைக்குள் போட்டதும் வீடியோ சுற்றத் தொடங்கும். மீண்டும் எடுத்து ஹாட்ஸ்பாட்டை உயிர்ப்பிப்பார். மூளை ஒன்றிலும் நாக்கு இன்னொன்றிலும் இருக்கும் இந்த உயிரினத்தை இயற்கை படைக்கவில்லை. கட்டண அட்டவணை படைத்தது.

படியெடுப்போர், பதிந்த கருவியின் எண்ணைத் திருடிப் பதியாததில் ஏற்றுபவர். இது குற்றம், சட்டத்தில் தண்டனை உண்டு. அன்றியும், எண்ணின் உண்மையான உரிமையாளர், முறையாகக் கட்டணம் கட்டியவர், தம் கருவி தம்முடையதுதான் என்று நிறுவ அலைய நேரும். முன்னவர் நால்வரும் அரசோடு ஒளிந்து விளையாடுபவர். இவர் பக்கத்து வீட்டுக்காரன் பையில் கைவிடுபவர். ஆதலின் இவரை இந்நூல் வரிசையில் வைத்ததன்றி அவையில் வைக்கவில்லை.

இவ்வைவரோடு சேராத ஒருவரும் உளர். மூன்று ஆண்டுக்கு ஒரு கைபேசியே ஒரு பாஸ்போர்ட்டில் பதியலாம் என்பது விதி. கைபேசி கொண்டுவராமல் ஊர் சுற்றி வந்தவரின் உரிமை சும்மா கிடக்கிறதே என்று, அதைப் பிறருக்கு விலை பேசிக் கொடுப்போர் முளைத்தனர். பயணம் போனவர் காந்தமும் சாக்லேட்டும் வாங்கி வருவது பழைய வழக்கம். வந்திறங்கிய முத்திரையே விற்பனைப் பொருளாவது புதிய வழக்கம்.

6. மறுப்பியல்

அற்றேல், சட்டம் சட்டம்தானே, கட்டித் தொலைத்தால் என்ன எனின், அரசின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை முதலில் ஒத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கைபேசிக்கும் டாலர் வெளியே போகிறது. உள்ளூரில் வரி கட்டி விற்கும் கடைக்காரர், பையில் கொண்டுவந்து விற்பவரோடு போட்டி போட முடியாது. கடத்தலைத் தடுக்க ஏதேனும் ஒரு வேலி வேண்டும்.

வேலி வேண்டும் என்பதில் ஐயமில்லை, உயரத்தில்தான் வழக்கு. நம் ஊரில் வானொலிப் பெட்டிக்குத் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டிய காலம் 1980கள் வரை இருந்தது. தொகை சிறிது; புத்தகத்தில் தபால் ஊழியர் வில்லை ஒட்டி முத்திரை குத்துவார். அந்த லைசென்ஸுக்குப் பயந்து வீட்டுக்கு இரண்டு ரேடியோ வைத்து, ஒன்றில் பாட்டும் ஒன்றில் செய்தியும் யாரும் கேட்கவில்லை. கட்டணம் கட்டக்கூடியதாக இருந்தால் மனிதன் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவான். இரண்டு மாதச் சம்பளம் கேட்டால் இரண்டாவது கைபேசி வாங்குவான். அந்த இரண்டாவதும் பெரும்பாலும் வெளிநாட்டு உதிரிபாகம், வெளிநாட்டு சிப். டாலர் அதற்கும் போகிறது. டாலரைக் காக்க எழுப்பிய வேலி, ஒருவன் பையில் ஒன்றுக்கு இரண்டாய்க் கருவி சேர்த்ததுதான் மிச்சம். இதன் நூற்பா: கட்டணம் ஏறின் கருவியும் ஏறும்.

7. புறனடை

இவ்விலக்கணம் துருக்கிக்கே உரியதாயினும், கடல் கடந்தும் சென்று பொருந்தும். பாகிஸ்தானில் தொலைத்தொடர்பு ஆணையத்தில் பதியாத கைபேசிகள் தனிச் சந்தையாகவே விற்கின்றன. இலங்கையில் 2025 ஜனவரி 28க்குப் பிறகு, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெறாத புதிய கருவிகளுக்கு வலை கிடையாது என்று அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கைபேசி வாங்குபவர், கடைக்காரர் பெட்டியைப் பிரிக்கும் முன் ஐஎம்இஐ எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்ப்பது நல்லது. இந்தியாவில் இப்படிப் பதிவுக் கட்டணம் இல்லை. சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கும் வரைதான் துபாய்க் கைபேசிக்குப் பயம்; வெளியே வந்துவிட்டால் அது உள்ளூர்க் கைபேசிக்குச் சமம்.

ஆய்வின் தீர்ப்பு இது: கட்டணத்தைக் கருவியின் விலையில் ஒரு பங்காக வைத்தால் பதிவேடு நிறையும், கஜானாவும் ஓரளவு நிறையும். ஒரே தொகையாக வைத்து ஆண்டுதோறும் ஏற்றினால் சட்டைப்பை மட்டும் நிறையும். இஸ்தான்புல் செல்லும் வாசகருக்கு ஒரு சொல்: நான்கு மாதத்துக்குள் திரும்புவதானால் இந்நூலை மறந்துவிடுங்கள். அதற்கு மேல் தங்குவதானால், கட்டணத்தைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். இல்லையேல் அங்கேயே ஒரு மலிவுக் கைபேசியைப் பில்லோடு வாங்கி சிம்மை அதில் போட்டுவிடுங்கள். யார் என்ன விலை சொன்னாலும் ஐஎம்இஐ எண்ணில் கைவைக்க மட்டும் விடாதீர்கள்.