செத்த நோட்டுக்குச் சாகாத கடன்

பிராங்க்பர்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஜெர்மனிக்காரன் கஞ்சனா தாராளமா என்று கேட்டிருந்தீர்கள். நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டால் நாலு பில் கேட்கிற ஊர் இது. காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 25 சென்ட் வாங்கக் காரில் வந்து இறங்குகிறவனும் வரிசையில் நிற்பான். இப்படிப்பட்டவர்கள், 2002 தொடக்கத்தில் யூரோ கைக்கு வந்ததும் செத்துப்போன தங்கள் பழைய மார்க் நோட்டுக்கு மட்டும் இன்றைக்கும் காசு தருகிறார்கள். கெடு கிடையாது, இவ்வளவுதான் என்ற வரம்பு கிடையாது, கமிஷனும் கிடையாது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று ஐந்து தசமம் வரை கணக்குப் பார்த்து, நூறு மார்க்குக்கு 51 யூரோ 13 சென்ட் எண்ணி வைக்கிறது மத்திய வங்கி. கிளைக்கு வர முடியாதவர் மைன்ஸ் நகரக் கிளைக்குத் தபாலில் அனுப்பலாம். எலி கடித்த நோட்டா? பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் போதும். பார்த்தால் கர்ணன் பரம்பரை என்று தோன்றும். இது தாராளமே இல்லை, கறாரின் உச்சம் என்பது என் கட்சி.

நோட்டு என்பது என்ன? அரசு நமக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டு. மத்திய வங்கியின் ஐந்தொகையில் அது சொத்துப் பக்கம் இருக்காது, கடன் பக்கம்தான் இருக்கும். கடன் வாங்கியவர் பெயரை மாற்றிக்கொண்டார் என்பதற்காகப் பத்திரம் செல்லாது என்று எந்தப் பஞ்சாயத்திலாவது சொல்வார்களா? நாணயத்தின் பெயரை மாற்றியது அரசு. நோட்டை வைத்திருந்தவர் செய்த குற்றம் அதை அலமாரியில் வைத்ததுதான். இந்த நியாயத்தின்படி இன்னும் அடையாத கடன் ஏறத்தாழ 1,200 கோடி மார்க், அதாவது 600 கோடி யூரோவுக்கும் சற்று மேல். அஞ்சறைப் பெட்டி இல்லாத நாட்டில் பாட்டிமார்கள் சர்க்கரை டப்பாவிலும் பைபிளுக்குள்ளும் ஒளித்து வைத்தது அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு எல்லை தாண்டிப் போனது. பழைய யூகோஸ்லாவியா உடைந்தபோது அந்தப் பக்கத்து மக்கள் நம்பிச் சேர்த்தது மார்க்கைத்தான்; கொசோவோவும் மாண்டினீக்ரோவும் அதையே தங்கள் பணமாகவும் வைத்துக்கொண்டன. போஸ்னியாவின் பணத்துக்கு இன்றும் 'மாற்றத்தக்க மார்க்' என்றுதான் பெயர், யூரோவுக்கு அதே 1.95583 விகிதம். தாத்தா செத்துப் பேரனுக்குப் பெயர் வைத்த கதை.

"இருபது வருஷத்துக்கு மேல் கவுண்டர் திறந்து வைத்துச் சம்பளம் கொடுப்பது வீண் செலவில்லையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வட்டிக் கணக்கில் புலியான நீங்கள் கேட்கக்கூடாத கேள்வி. நூறு மார்க்கை டப்பாவில் பூட்டியவர், அத்தனை வருஷமும் அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். திரும்பி வராத நோட்டு ஒவ்வொன்றும் வங்கிக்கு லாபம். கவுண்டர்காரர் சம்பளம் அதில் ஒரு மூலை. மேலும் அவர்கள் கொடுப்பது எண்ணிக்கையைத்தான், மதிப்பை அல்ல. 2001இல் நூறு மார்க்குக்குக் கிடைத்த சாமான் இன்று 51 யூரோவுக்குக் கிடைக்காது. சோம்பேறித்தனத்துக்கான அபராதத்தை விலைவாசி ஏற்கெனவே வசூலித்துவிட்டது. அதற்கு மேல் கெடு வைத்து அசலையும் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர்.

அந்த வேறு பெயருக்கு உரியவர்கள் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். பிரான்சு 2012 பிப்ரவரி 17ஆம் தேதி கதவைச் சாத்தியது. மேரி கியூரி படம் போட்ட 500 பிராங்க் நோட்டு அன்றோடு புத்தகத்தில் அடையாளம் வைக்கும் சீட்டாகிவிட்டது. ஸ்பெயின் 2021 ஜூன் வரை பொறுத்தது. நெதர்லாந்து நோட்டுக்கு 2032 தொடக்கம் வரை கெடு. ஆஸ்திரியா ஷில்லிங்குக்குக் கெடு இல்லை என்கிறது, ஆனால் யூரோவுக்கு முன்பே விலக்கிய இரண்டு நோட்டுகளுக்கு 2018 ஏப்ரல் 20 கடைசி நாள் என்று வைத்தது. அதில் ஒன்று இயற்பியல் மேதை ஷ்ரோடிங்கர் படம் போட்ட ஆயிரம். பூனை உயிரோடும் இருக்கும், செத்தும் இருக்கும் என்று சொன்னவரின் நோட்டுக்கே அந்தக் கதி. காலண்டரைப் பார்க்கும் வரை உயிர் உண்டு. எல்லோரையும் மிஞ்சியது இத்தாலி. 2012 பிப்ரவரி 28 வரை லிராவை மாற்றலாம் என்று சட்டம் போட்டுவிட்டு, நிதி நெருக்கடி முற்றிய 2011 டிசம்பர் 6ஆம் தேதி, இன்றோடு சரி என்றது. மக்கள் கையிலிருந்த நூறு கோடி யூரோவுக்கு மேற்பட்ட லிராவை ஒரே நாளில் கஜானா விழுங்கியது. 2015இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பிறகும் மாற்ற முடிந்தது, அந்த மூன்று மாத இடைவெளிக்குள் கேட்டுப் பார்த்தவர்களால் மட்டும். வாயை மூடிக்கொண்டு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவருக்கு நாமம்.

"கெடு இல்லாவிட்டால் கறுப்புப் பணக்காரன் கொண்டாடுவானே" என்பது உங்கள் அடுத்த அம்பு. அது வலுவான அம்பு, ஒத்துக்கொள்கிறேன். பெருந்தொகை கொண்டு போனால் இங்கும் அடையாள அட்டை கேட்பார்கள், எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். ஆளைச் சலிக்கக் கேள்வி போதும். கெடு சலிக்குமா என்பதற்குச் சான்று நம் வீட்டிலேயே கிடக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு செல்லாமல் போன ஐநூறு, ஆயிரம் நோட்டுகள் 15.41 லட்சம் கோடி ரூபாய். டிசம்பர் 30க்குள் வங்கியில் போடு என்று நாட்டையே வரிசையில் நிறுத்தியதில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்தது, நூற்றுக்கு 99.3. சாமர்த்தியசாலி அத்தனை பேரும் வாசல் சாத்துமுன் உள்ளே நுழைந்துவிட்டார்கள். வெளியே நின்றவர்களில் மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் ஒளித்துவிட்டு மறந்த மருமகளும் இருப்பாள். கெடுவுக்கு வேகமும் நினைவாற்றலும் இருக்கிறதா என்றுதான் சோதிக்கத் தெரியும், நேர்மையை அல்ல.

அதற்காக இந்த நாட்டுக்காரர்களைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்குக்குப் போய், அடுத்து லட்சம் கோடி பழைய மார்க் ஒரே ஒரு புது மார்க்காக ஆனது. 1948 ஜூனில் மறுபடி பணம் மாறியபோது, வங்கியில் போட்டு வைத்த நூறு பழைய மார்க்குக்கு மிஞ்சியது ஆறரை. கால் நூற்றாண்டுக்குள் இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட நாடு, மூன்றாம் முறை பணத்தை மாற்றும்போது 'எப்போது வேண்டுமானாலும் வாங்க' என்று வாக்குக் கொடுத்தால்தான் ஜனம் நம்பும் என்பது என் ஊகம். கிழக்கு ஜெர்மனிக்காரருக்கோ 1990 ஜூலையில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. குறுகிய கெடுவுக்குள் கணக்கில் போட்டு மாற்றியதோடு அவர்கள் மார்க் முடிந்தது. அந்த நோட்டுகளைச் சுமார் 3,000 டன், ஹால்பர்ஸ்டட் அருகே சுரங்கத்தில் மண்ணோடு மூடினார்கள். யாரோ துளை போட்டு உள்ளே போய்த் திருடியிருக்கிறார்கள்! எந்த வங்கியும் வாங்காத பணத்தைத் திருடிய மகானுபாவர்கள். பிறகுதான், 2002இல், எல்லாவற்றையும் எடுத்து எரித்தார்கள்.

ஊரில் பழைய ஜெர்மன் பயணக்காரர் யார் வீட்டுப் பீரோவிலாவது மார்க் கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். சில்லறைப் பென்னிக் காசும் சேர்த்துத்தான். அரை சென்ட் என்றாலும் முகம் சுளிக்காமல் எண்ணுவார்கள். நம் பழைய ஆயிரம் ரூபாய் ஏதாவது அகப்பட்டால் அனுப்ப வேண்டாம். பத்துத் தாளுக்கு மேல் இருந்தால் வீட்டிலும் வேண்டாம், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது பத்தாயிரம் அபராதம். அதை நல்ல நோட்டாகக் கட்ட வேண்டும்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்