டிரையர் பெத்த காசு

வாடா பேராண்டி, உட்காரு. வெத்தலைப் பெட்டி போட்ட இருபது காசைப் பட்டுத் துணியில சுத்திக்கிட்டு வந்திருக்கியே, பொண்ணு பார்க்கவா போற? ஆலையில பிழையா அடிச்ச காசுன்னு சொல்லி ஐயாயிரம் வெள்ளிக்குக் குறைஞ்சு தரமாட்டியாமே! கேளு, கேக்கறதுக்கு இந்த நாட்டுல இன்னும் வரி போடல.

ஆனா ஓரத்தைக் கொஞ்சம் தடவிப் பாரு. உள்பக்கமா மடிஞ்சு, தடிச்சு, காசே சுருங்கிப் போயிருக்கு. ஷா ஆலம் காசு ஆலையில வெறுந்தகட்டை ரெண்டு அச்சுக்கு நடுவுல, ஒரு வளையத்துக்குள்ள வெச்சு ஒரே அமுக்கு. கதை முடிஞ்சுது. அப்புறம் உட்கார்ந்து ஓரத்தை மடிக்க அங்க எவனுக்குடா நேரம்? அந்தப் பொறுமையெல்லாம் டோபிக் கடை டிரையருக்குத்தான். இடுக்குல மாட்டின காசை நாள்கணக்கா உருட்டி இப்படித்தான் துப்பும்.

எடை சரியா 5.65 கிராம் இருக்குன்னு துள்ளாதே. நாங்க சின்னப் பயலுகளா இருந்தப்ப ரவாங் தண்டவாளத்துல வெச்ச காசுக்கும் எடை குறையல, மூஞ்சிதான் போச்சு. வளையம் இல்லாம அடிபட்ட நெசமான பிழைக் காசும் அகலமாத்தான் இருக்கும். ஆனா நடுவுல உருவம் கூர்மையா நிக்கும். ரயில் ஏறினதுல எல்லாமே இழுபட்டு வழவழன்னு கிடக்கும்.

உன் கூட்டாளி ஓரம் கடிச்ச காசு ஒண்ணு வெச்சிருக்கானாமே? கடிச்ச இடத்தை விடு, நேர் எதிர்ப்பக்கத்தைப் பாருன்னு சொல்லு. ஆலையிலேயே தகடு குறையா வந்திருந்தா எதிர் ஓரம் பெரும்பாலும் மங்கி, மெலிஞ்சு இருக்கும். அங்க ஓரம் கும்முன்னு இருந்து, வெட்டுல அரத்தோட கோடு பளபளத்தா, அது யாரோ வொர்க்‌ஷாப்புல பார்த்த வேலை. அச்சு விரிசல்னு ஒருத்தன் கோடு காட்டினா நகத்தால உரசு. விரிசல்னா மேடா தட்டும், பள்ளமா இருந்தா கீறல்.

சுரங்க முதலாளிங்க தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் 1894லேயே இந்த ரவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டாந்துட்டாங்க. நீ என்னடான்னா இருட்டு ரூம்புல கைப்பேசி வெளிச்சத்துல காசைப் பார்த்து லட்சாதிபதி ஆகுற. நல்ல விளக்கடியில லென்ஸ் வெச்சுப் பாரு. பக்கத்துலயே ஒரு நல்ல இருபது காசையும் வை.

இல்ல, இதை வித்தே தீருவேன்னா, அடுத்த தடவை துணி காயப்போடப் போறப்ப டிரம் இடுக்குலயும் எட்டிப் பாரு. இதோட தம்பி ரெண்டு பேரு அங்க இருப்பானுங்க. ஜோடியா சேர்த்து விலை பேசலாம்.